மெழுகும் மெருகும்

டைகாஸ்ட் கார் என்பது உருக்கிய துத்தநாகக் கலவையை எஃகு அச்சுக்குள் அழுத்தத்தோடு செலுத்தி வார்த்து, வண்ணம் பூசி, சக்கரமும் அடித்தட்டும் பொருத்திய பொம்மை. லிவர்பூலின் மெக்கானோ நிறுவனம் 1934 முதல் டிங்கி என்ற பெயரிலும், லண்டனின் லெஸ்னி நிறுவனம் 1953 முதல் மேட்ச்பாக்ஸ் என்ற பெயரிலும் விற்ற கார்கள் இன்று சேகரிப்பாளர்களின் கண்ணாடி அலமாரிகளில் நிற்கின்றன. அவற்றுக்கு மெழுகிடுவதும் மெருகேற்றுவதும் பலருக்கு விருப்பமான வேலை. அந்தச் சிறு வேலைக்குள் பெரிய கேள்வி ஒன்று இருக்கிறது: ஒரு பொருளைப் பேணும்போது அதில் எது பேணப்படுகிறது?

மெழுகும் மெருகுப் பசையும் கடையில் ஒரே தட்டில் இருந்தாலும் அவை செய்வது எதிரெதிர் வேலை. மெருகுப் பசையில் நுண்ணிய உராய்வுத் துகள்கள் உண்டு. கீறலின் ஆழம்வரை சுற்றியுள்ள பூச்சைத் தேய்த்துச் சமன் செய்வதால்தான் பளபளப்பு பிறக்கிறது. அதாவது அது இழப்பில் வரும் ஒளி. உள்ளங்கையில் அடங்கும் காரில் மட்கார்டின் விளிம்பிலும் கூரையின் ஓரத்திலும் பூச்சு மெல்லியது. சற்று அதிகம் தேய்த்தால் உலோகம் வெளியே வந்துவிடும். அச்சிட்ட கோடுகளும் எண்களும் கூடவே போகும். மெழுகு எதையும் எடுப்பதில்லை. பிரேசிலின் வடகிழக்கில் வளரும் ஒருவகைப் பனையின் இலையிலிருந்து கிடைக்கும் கார்னௌபா மெழுகானாலும், அருங்காட்சியகங்களில் உலோகப் பொருள்களுக்குப் பூசும் பெட்ரோலிய நுண்படிக மெழுகானாலும், மெல்லிய படலமாகப் படிந்து ஈரத்தையும் விரல் வியர்வையையும் தடுக்கும். பின்னொரு நாளில் அதை அகற்றவும் முடியும். பழம்பொருள் பாதுகாப்புத் துறையில் கூடியமட்டும் பின்பற்றப்படும் நெறி ஒன்று உண்டு: செய்த எதையும் திரும்பப் பெற வழி இருக்க வேண்டும். அந்த நெறிப்படி மெழுகு தேறும், மெருகு தேறாது.

நெறி மட்டும் போதாது. அது எதற்காக என்பதையும் கேட்க வேண்டும். ஆஸ்திரியக் கலை வரலாற்றறிஞர் அலோய்ஸ் ரீகல் நினைவுச்சின்னங்களைப் பற்றி 1903-இல் எழுதியபோது, மனிதர் பழம்பொருளில் காணும் மதிப்புகளைப் பிரித்துக் காட்டினார். புதுமையின் மதிப்பு, பொருள் பிறந்த நாளின் முழுமையைத் தேடுகிறது. தொன்மையின் மதிப்பு, காலம் பதித்த தேய்மானத்தையே விரும்புகிறது. தேய்மானம் தொடர்வதிலும் அதற்கு வருத்தமில்லை. வரலாற்று மதிப்பு, ஆனது ஆகட்டும், இனிமேல் சிதையக்கூடாது என்கிறது. ரீகல் மாளிகைகளையும் கோயில்களையும் மனத்தில் வைத்து எழுதினார். ஆனாலும் அலமாரிப் பொம்மைக்கு அது அப்படியே பொருந்துகிறது. மெருகேற்றுபவர் முதல் மதிப்பின் பக்கம், கைவைக்காமல் விடுபவர் இரண்டாவதன் பக்கம், மெழுகிடுபவர் மூன்றாவதன் பக்கம்.

இந்த மூன்றில் புதுமைக்குத்தான் பொம்மையிடம் உரிமை குறைவு. பொம்மை விளையாடுவதற்காகச் செய்யப்பட்டது. முனைகளில் உதிர்ந்த வண்ணம், ஒரு குழந்தை அதைத் தரையில் ஓட்டியதற்கும் சுவரில் மோதவிட்டதற்கும் சான்று. அந்தப் பொருள் தன் பிறவிப் பயனை அடைந்த தடம் அதுதான். அதைத் தேய்த்து அழிப்பது காரை அதன் சொந்த வாழ்விலிருந்து பிரிப்பதாகும். ஆனால் தூசிக்கும் எண்ணெய்ப் பிசுக்குக்கும் இந்தச் சலுகை இல்லை. அவை சான்றல்ல, பூச்சை அரிக்கும் கேடு. மென்மையான துணியால் துடைத்தெடுப்பதே சரி.

பழைய பூச்சை முழுதும் நீக்கி, ரிவெட்டைத் துளைத்துக் கழற்றி, டயர்களை மாற்றி, புது வண்ணம் அடித்தால் அது அதே கார்தானா? பண்டைய கிரேக்க எழுத்தாளர் புளூட்டார்க் சொன்ன, புராண வீரன் தீசியஸின் கப்பலில் பலகைகள் ஒவ்வொன்றாக மாறின. கழற்றிய பழைய பலகைகளைக் கொண்டு இன்னொரு கப்பல் கட்டினால் எது அசல் என்று ஆங்கிலத் தத்துவஞானி தாமஸ் ஹாப்ஸ் 1655-இல் கேட்டார். பழுதுபார்ப்பவரின் மேசையில் இது வெறும் கற்பனையல்ல; ஒரு காரின் அடித்தட்டு இன்னொன்றுக்குப் போவது அங்கே வழக்கம். மிலிந்தன் என்று பாலி நூல் அழைக்கும் கிரேக்க அரசன் மெனாண்டரிடம், அவன் ஏறிவந்த தேரையே காட்டி பௌத்தத் துறவி நாகசேனர் கேட்டார்: அச்சு தேரா, சக்கரம் தேரா, நுகம் தேரா? எதுவும் இல்லை. உறுப்புகள் கூடிய இடத்தில் வழங்கும் பெயரே தேர். சேகரிப்பாளர்களும் இந்த வழியில்தான் போயிருக்கிறார்கள்: ஆலையில் உருவான நிலை கோட் 1, உற்பத்தியாளர் ஒப்புதலோடு மாற்றியது கோட் 2, ஒப்புதலின்றி மாற்றியது கோட் 3. பெயர் வழக்கில்தான் நிற்கிறது என்றால் அந்த வழக்கைக் காக்கும் கடமை கூடுகிறது. கோட் 3 காரை அசல் என்று விற்பது பொய்.

பேணுதலுக்கு எல்லையும் உண்டு. இரண்டாம் உலகப் போருக்கு முந்தைய கார்கள் பலவற்றின் துத்தநாகக் கலவையில் சிறிதளவு ஈயம் கலந்துவிட்டது. ஈரமும் வெப்பமும் சேரும்போது உலோகத்தின் நுண்ணிய படிக மணிகளின் இடைவெளியில் அரிப்பு தொடங்கி, வார்ப்பு வீங்கி, வெடித்து, பொடியாகும். கூட்டால் உண்டானது கலையும் என்ற பௌத்தக் கருத்துக்கு இதைவிட நேரான சான்று வேண்டியதில்லை: கேடு வார்த்த அன்றே உள்ளே இருந்தது. உலர்ந்த, சூடேறாத அலமாரியும் மெழுகுப் படலமும் அதைத் தாமதப்படுத்தலாம். கலவைக்குள் புகுந்த ஈயத்தைப் பிரித்தெடுக்க வழி கிடையாது.