நசிகேதன் பார்த்த மாடுகள்

போகி வந்தால் எங்கள் ராஜகீழ்ப்பாக்கத்தில் எல்லாருக்கும் நன்னூல் நினைவுக்கு வந்துவிடும். பழையதைக் கழிப்பது பற்றிய அந்த வரியை முந்தின ராத்திரி வாட்ஸ்ஆப்பில் அனுப்பிவிட்டு, விடிகாலையில் பாய், முறம், டயர் எல்லாவற்றையும் தெருவில் போட்டுக் கொளுத்துவார்கள். பவணந்தி முனிவர் அந்தச் சூத்திரத்தை எழுதியது, காலத்தோடு மொழி மாறுவது குற்றமில்லை என்று சொல்வதற்காக. வகுப்பில் நன்னூல் நடத்தியே ஓய்வு பெற்றவன் என்பதால் இது எனக்கு உறுத்தும். அதைவிட உறுத்துவது, அவர் சமணர் என்பது. நெருப்பிலும் காற்றிலும்கூட உயிர் உண்டு, அதையும் வதைக்கக் கூடாது என்ற சமயத்தைச் சேர்ந்தவர் பெயரால் டயர் எரிக்கிறோம்!

2018 ஜனவரி 13, போகியன்று, பனியும் புகையும் சேர்ந்து மீனம்பாக்கத்தில் ஓடுபாதையே தெரியவில்லை. இறங்க முடியாத விமானங்கள் பெங்களூருக்கும் ஹைதராபாத்துக்கும் போயின. பல்லாவரத்திலும் குரோம்பேட்டையிலும் இருக்கும் ஆஸ்துமாக்காரர்கள் எங்கே போவார்கள்? இத்தனைக்கும் எரித்தால் டயர் ஒழிந்துவிடுவதுமில்லை. ரப்பர் கந்தகப் புகையாகிப் பக்கத்து வீட்டுக்குள் போகும். சாம்பலில் கம்பிச் சுருள் மிஞ்சும். மறுநாள் தூய்மைப் பணியாளர் அதைக் குச்சியால் நெம்பி எடுப்பார். ஒன்றோடொன்று பின்னிக்கொண்டு லேசில் வராது.

எரிக்க வேண்டாம், யாருக்காவது கொடுத்துவிடலாமே என்பார்கள். அப்போதுதான் எனக்குக் கடோபநிஷதம் ஞாபகம் வரும். நசிகேதனின் அப்பா வேள்வி செய்து தட்சிணையாகக் கொடுப்பது பால் வற்றி, இனி ஈனவும் முடியாத கிழட்டுப் பசுக்களை. பையனுக்குப் பொறுக்கவில்லை. என்னை யாருக்குத் தரப்போகிறீர்கள் என்று திரும்பத் திரும்பக் கேட்கிறான். கடைசியில் அப்பா எரிச்சலில் எமனுக்கு என்றுவிடுகிறார். எமன் அவனுக்குச் சொன்ன ஆத்ம விசாரத்தைப் பற்றி எத்தனையோ உபன்யாசம் கேட்டாயிற்று. எனக்கோ அந்த மாடுகளை ஓட்டிக்கொண்டு போனவர்களைப் பற்றித்தான் கவலை. தீனி யார் போடுவது?

பட்டன் தேய்ந்த டயரும் அந்த மாடுதான். கடையில் விட்டால் பில்லில் ஏதோ கொஞ்சம் கழித்துக்கொள்வார்கள். கொஞ்சம் பட்டன் மிச்சமிருந்தால் செகண்ட்ஹேண்டாக இன்னொருவர் வண்டியில் ஏறும். மொட்டை டயரில்கூடச் சூட்டுக் கத்தியால் கோடு இழுத்து, பட்டன் இருப்பதுபோல் காட்டி விற்பவர்கள் உண்டு. மழையன்று ஜி.எஸ்.டி. சாலையில் அது வழுக்கினால், அந்தப் பாவம் ஏற்றி ஓட்டியவனோடு நின்றுவிடுமா?

செய்தவனை வினை விடாது என்பதை அரசாங்கமே ஒருவகையில் ஒப்புக்கொண்டிருக்கிறது. 2022 ஜூலையில் வந்த மத்திய அரசு விதிப்படி, டயர் கம்பெனிகள் மறுசுழற்சிக்கும் கணக்குக் காட்ட வேண்டும். 2022-23-இல் தயாரித்த அளவு முழுவதற்கும் 2024-25-இல் பொறுப்பு. விற்றுக் காசு வாங்கினவனுக்கே கடன் தீரவில்லை என்றால், ஓட்டித் தேய்த்தவனுக்கு எப்படித் தீரும்?

வீட்டிலேயே வைத்துக்கொள்ளலாம் என்றால், மாடியில் கிடக்கும் டயரில் தண்ணீர் தேங்கி ஏடிஸ் கொசு முட்டையிடும். அந்த முட்டை காய்ந்துபோய் மாதக்கணக்கில் கிடந்தாலும் அடுத்த மழைக்குப் பொரித்துவிடும்.

போன தடவை சேலையூரில் டயர் மாற்றியபோது, பழசை ஓரத்தில் கீறிவிடச் சொன்னேன்.

"கீறிட்டா ஸ்கிராப்புதான் சார், கிலோ கணக்கு. ஒண்ணும் தேறாது."

"பரவால்ல தம்பி, கீறிடு."

கத்தியைத் தண்ணீரில் தோய்த்து அவன் பக்கச்சுவரில் இறக்கினான். ஸ்கிராப் என்றால் பெரும்பாலும் காற்றுப் புகாமல் சூடாக்கி எண்ணெய் வடிக்கும் ஆலைக்குத்தான் போகும். அங்கேயும் புகை உண்டு, அதில் எனக்குப் பங்கும் உண்டு. ஆனால் என் மொட்டை டயரை மாட்டிக்கொண்டு ஒருவன் பெண்டாட்டி பிள்ளையோடு வண்டலூர் போக மாட்டான்.