நோவும் நேர்த்தியும்

நல்லூர்த் தேருக்கு நேர்த்தி வைத்து, புண்பட்ட காலோடு மணல் வீதியைச் சுற்றி வருவது பக்தியா? என் மச்சாளுக்குச் சந்தேகமே இல்லை. "முருகனுக்கெண்டு தாங்கிற நோவு வினையைக் கழிக்கும்" என்பாள். வருடந்தோறும் விழுந்து கும்பிட்டு வீதி சுற்றி அடி அழிப்பவள். அவள் பக்தியை நான் குறைத்துச் சொல்லமாட்டேன். ஆனாலும் இந்த ஒன்றில் அவளோடு எனக்கு உடன்பாடில்லை.

மிதிவெடி என் இடது காலை முழங்காலுக்குக் கீழே கொண்டுபோனது. இப்போது அணிவது ஜெய்ப்பூர்க் கால். 1968இல் ராம்சந்திர சர்மா என்ற கைவினைஞரும் டாக்டர் பி. கே. சேத்தியும் உருவாக்கியது. வெறுங்காலோடு நடக்கிற, தரையில் சம்மணமிட்டு இருக்கிற சனங்களை நினைத்தே செய்தார்கள். அதனால் செருப்புக் கழற்றும் வீதியில் அந்த றப்பர்ப் பாதமும் தயங்காமல் நிற்கிறது. அதற்கு மணல் சுடாது. படுகிறதெல்லாம் மேலே, மிஞ்சிய கால் பொருந்துகிற சொக்கெற்றுக்குள் இருக்கிற தோல்தான்.

குதிக்காலுக்குத் தடித்த தோலும் கொழுப்பு மெத்தையும் உண்டு. சுமக்கவே அமைந்தது அது. முழங்கால் சில்லுக்குக் கீழேயுள்ள மெல்லிய தோலுக்கு அந்த வேலை விதிக்கப்படவில்லை. வியர்வை வெளியேற வழியின்றி ஊறும். ஊறிய தோல் உரசி உரியும். மயிர்க்கால்களில் சீழ் கட்டும். கால் பொருத்துகிற தம்பி சொல்வார்: "ரீச்சர், இரவிலை கழுவுங்கோ, காலமை ஈரத்தோடை போடாதேங்கோ. மயிரை வழியாதேங்கோ. சிவப்பு மாறாட்டிக் காலைக் கழட்டி வையுங்கோ."

இரவில் கண்ணாடி பிடித்து அந்தத் தோலைப் பார்ப்பேன். உடம்பு நானல்ல என்று படித்துவிட்டு இதென்ன பற்று என்று கேட்டவர்கள் உண்டு. உடம்பு நானல்ல என்றால், அது என் உடைமையும் அல்லவே. தனக்கு விதிக்காத சுமையை எனக்காகச் சுமக்கிற ஒன்றைப் புண்ணாக்கி, அதையே காணிக்கை என்று நீட்ட எனக்கு என்ன உரிமை? வண்டி மாட்டின் கழுத்தில் புண் கண்டால் நுகத்தை இறக்கிய ஊர் இது.

இன்னொன்றும் உண்டு. நீரிழிவால் கால் இழந்தவர்களில் பலருக்குப் புண் ஆழமாகும்வரை நோவே தெரியாது. நோவுதான் காணிக்கை என்றால், அவர்களிடம் முருகன் எதைப் பெறுவான்?

இந்த வருடம் நானும் நேர்த்தி வைத்திருந்தேன்; தேருக்கு முதல்நாளும் தோலின் சிவப்பு மாறவில்லை. ஜெய்ப்பூர்க் காலை வீட்டில் வைத்துவிட்டு, ஊன்றுகோலோடு போய் வீதியோரம் நின்று கும்பிட்டேன். மச்சாளுக்கு மனத்தாங்கல்தான். தோல் ஆறியபின் ஒரு வெள்ளிக்கிழமை, வெயில் ஏறமுன் வந்து நேர்த்தியை முடிக்கிறேன் என்று முருகனிடமே சொல்லிவிட்டேன்.