எது கழிவு?

செந்துறைப் பக்கத்துக் கொல்லையொன்றில் மக்காச்சோளம் ஒடித்தபின் நின்ற தட்டையைக் காட்டி, "இது வீண்தானே, அம்மா?" என்று ஒரு கிழவியிடம் கேட்டேன். "அதை என் மாட்டைக் கேளுங்க" என்றாள்.

கேட்டதற்குக் காரணம் உண்டு. 2018 ஆகஸ்டு 27-இல், காட்டாமணக்கு எண்ணெயிலிருந்து செய்த எரிபொருளைக் கலந்து டேராடூனிலிருந்து டில்லிக்கு ஒரு விமானம் பறந்தது. வைக்கோலை எரிசாராயமாக்கும் ஆலையைப் பானிப்பட்டில் 2022-இல் திறந்தார்கள். அந்தச் சாராயத்தை மேலும் பக்குவம் செய்தால் விமான எண்ணெய் ஆகும். தட்டைக்கும் அதே வழிதான்.

வடக்கே வைக்கோலை வயலிலேயே கொளுத்திப் புகையில் திணறுகிறார்கள். அங்கே ஆலை வருவது புண்ணியம். இங்கேயோ தட்டை மாட்டுக்கு, பருத்திமார் அடுப்புக்கு, சாணம் மறுபடி கொல்லைக்கு. கழிவு என்ற சொல்லையே மாடு இல்லாதவன்தான் கண்டுபிடித்திருக்க வேண்டும். (எனக்கும் மாடு இல்லை, விமானம் ஏறியதுண்டு.)

ஆனால் நாளை ஒரு லாரி வந்து, கட்டுக்கு இவ்வளவு என்று காசை நீட்டினால், 'விற்காதே' என்று சொல்ல எனக்கு என்ன உரிமை? பட்டினி மண்ணுக்கு மட்டுமா? இருந்தாலும், தட்டைக்கு விலை பேசுகிறவர்கள் அதை விளைத்த மண்ணுக்கு எருவாக எதைத் திருப்பித் தருவார்கள் என்று கேட்காமல் இருக்க முடியவில்லை.

கிழவியிடம் லாரியைப் பற்றியும் சொன்னேன். "வரட்டும், விலையைச் சொல்லட்டும்" என்றாள்.