குறையும் நிறையும்

குறையே இல்லாத மரம் என்று ஒன்று இல்லை. எந்தத் தச்சரைக் கேட்டாலும் சொல்வார். கணு இருக்கும்; வெடிப்பு இருக்கும்; வண்டு துளைத்துச் சென்ற வழி இருக்கும். கிளை ஒடிந்த இடத்தில் மழைநீர் இறங்கி உள்ளே கறுத்துக் கிடக்கும். தான் ஒருநாள் கதவாகவோ கட்டிலாகவோ ஆகப் போகிறோம் என்று மரத்துக்குத் தெரியாது. அது தன் போக்கில் வளர்ந்தது. தன் போக்கில் காயம்பட்டது. அந்தக் காயத்துக்குக் 'குறை' என்று பெயர் வைத்தவர்கள் நாம்தாம்.

பெயர் வைத்த பிறகு அதை என்ன செய்வது? பெரும்பாலும் நாம் கையாண்டுவந்த வழிகள் இரண்டு. ஒன்று, குறையுள்ள துண்டை அறுத்து அடுப்புக்கு அனுப்பிவிடுவது. மற்றொன்று, மரத்தூளையும் பசையையும் குழைத்து வெடிப்பில் அடைத்து, உப்புத்தாள் போட்டுத் தேய்த்து, மேலே வார்னிஷ் பூசிவிடுவது. முன்னது தள்ளுதல், பின்னது மறைத்தல். மனிதரிடத்திலும் இந்த இரண்டையே செய்துவருகிறோம் என்பதை நான் சொல்லித்தான் நீங்கள் அறிய வேண்டும் என்பதில்லை.

இப்போது கடைசல் வேலையில் ஈடுபட்டவர்களிடையே மூன்றாவது வழி ஒன்று பரவியிருக்கிறது. வெடித்த மரத்தையே தேடி எடுக்கிறார்கள். அதன் வெடிப்பில் நீலமோ பச்சையோ கலந்த செயற்கைப் பிசினை ஊற்றுகிறார்கள். அது கல்லைப் போல இறுகியபின், மரத்தையும் பிசினையும் சேர்த்துக் கடைந்து கிண்ணமாக்குகிறார்கள். வெடிப்பு மறைவதில்லை. கிண்ணத்தின் நடுவே ஆறு ஓடுவதுபோல் அது ஓடுகிறது. பார்ப்பவர் கண் முதலில் அங்கேதான் போகிறது. குறை இருந்த இடமே கிண்ணத்தின் முகமாகிவிடுகிறது.

இந்த வேலையை நான் கிட்ட இருந்து பார்த்திருக்கிறேன். கோவையில் என் நண்பர் ஒருவர், ஆலையில் பொறியாளராக இருந்து ஓய்வு பெற்றவர், வீட்டின் பின்புறத்தில் சிறிய கடைசல் பட்டறை ஒன்று வைத்திருக்கிறார். 2018 நவம்பர் 16-ஆம் நாள் அதிகாலையில் நாகப்பட்டினத்துக்கும் வேதாரண்யத்துக்கும் இடையே கஜா புயல் கரை கடந்ததல்லவா? அந்தப் புயலில் வேதாரண்யத்தில் அவருடைய தமக்கையார் வீட்டு மாமரம் வேரோடு சாய்ந்தது. அடிமரத்தில் ஒரு துண்டை அவர் கேட்டு வாங்கி வந்தார். நெடுக வெடித்த துண்டு. விறகுக்கு என்று ஒதுக்கி வைத்திருந்தார்களாம்.

வாங்கி வந்தவர் உடனே வேலையைத் தொடங்கவில்லை. ஓராண்டு கழித்துப் போனேன். துண்டு மூலையில் இருந்தது. இரண்டாம் ஆண்டும் அங்கேயே இருந்தது. "எப்போது கடையப் போகிறீர்கள்?" என்று கேட்டேன்.

"இன்னும் உள்ளே ஈரம் காயலீங்க," என்றார் அவர். "ஈர மரத்துல ஊத்தினா பிசின் சரியாப் பிடிக்காது. இன்னைக்கு ஒட்டின மாதிரி தெரியும். அப்புறம் மரம் காயக் காயச் சுருங்கும். பிசின் சுருங்காதே! ரெண்டும் விட்டுப் போயிரும்."

மூன்றாம் ஆண்டில் தொடங்கினார். வெடிப்புக்குள் இற்றுப்போயிருந்ததை எல்லாம் முதலில் சுரண்டி எடுத்தார். கெட்டியான மரம் தட்டுப்படும் வரையில் விடவில்லை. மேலே பூச்சு ஒன்று கொடுத்து மரத்தின் நுண்துளைகளை அடைத்தார்; இல்லாவிட்டால் அவற்றிலிருந்து காற்று கிளம்பிப் பிசினில் குமிழிகளாக நின்றுவிடுமாம். பிசின் என்பது உண்மையில் இரண்டு திரவங்கள். அளவு பிசகாமல் கலந்தால்தான் இறுகும். கலந்ததும் தானே சூடேறும். ஒரே மூச்சில் நிறைய ஊற்றினால் அந்தச் சூட்டிலேயே வெடித்துவிடும். ஆகவே கொஞ்சம் ஊற்றுவது, பொறுப்பது, மறுபடியும் ஊற்றுவது என்று நாட்கள் சென்றன. பிறகு கடைசல். மரம் சுருள் சுருளாக உதிர்ந்தது. பிசின் வெள்ளை நாடாக்களாகப் பிரிந்து வந்தது. உளி சற்று மழுங்கினாலும், அவசரப்பட்டு அழுத்தினாலும், பிசின் சில்லுச் சில்லாகத் தெறித்தது. முகமூடியும் கையுறையும் இல்லாமல் அவர் அந்த அறைக்குள் போவதில்லை. இறுகாத பிசின் பட்டுப் பட்டுத் தோல் வெந்து, இந்த வேலையையே விட்டவர்கள் உண்டு. அதன் தூள் மார்புக்கு ஆகாது.

கிண்ணம் முடிந்தபோது அழகாகவே இருந்தது. ஆனால் அதில் சூடான சோறு போட முடியாது. சூட்டில் அந்தப் பிசின் இளகும். "இது உண்கலம் அல்ல, வெறும் அலங்காரம்தானே?" என்று கேட்டேன். "அக்கா அதுல சாவி போட்டு வெச்சிருக்காங்க. தினமும் கையில எடுக்கறாங்களே, அது போதுங்க," என்றார் நண்பர்.

இந்தப் பிசினுக்கு ஒரு வரலாறு உண்டு. எப்பாக்ஸி என்பது அதன் பெயர். 1930-களில் சுவிட்சர்லாந்தில் பியர் காஸ்தான் என்பவர் பல் மருத்துவத்துக்கு ஏற்ற பொருளைத் தேடியபோது பிறந்தது அது. 1946-இல் அரால்டைட் என்ற பெயரில் ஒட்டுப் பொருளாகக் கடைக்கு வந்தது. நம் வீடுகளில் உடைந்த பீங்கானையும் பொம்மையையும் ஒட்டப் பயன்பட்டது அதுதான். பல் போன இடத்தை நிரப்பத் தேடியவரிடம் கிடைத்த பொருள், மரம் வெடித்த இடத்தை நிரப்ப வந்து சேர்ந்திருக்கிறது. பொருத்தம் என்றே சொல்ல வேண்டும்.

ஆனால் பிசினும் கடைசலும் சேர்வது நமக்குப் புதிதன்று. அரக்கும் ஒரு பிசின்தானே! சிறு பூச்சிகள் மரக்கிளைகளில் சுரந்து வைப்பது அது. கர்நாடகத்துச் சன்னபட்டணத்திலும் ஆந்திரத்து ஏட்டிகொப்பாக்காவிலும் வெட்பாலை மரத்தைக் கடைந்து, சுழலும் மரத்தின்மேல் வண்ண அரக்குக் குச்சியை அழுத்துகிறார்கள். உராயும் சூட்டில் அரக்கு உருகி மரத்தில் படிகிறது. சன்னபட்டணத்தில் தாழை ஓலையால் தேய்த்து மெருகேற்றுவதும் உண்டு. நம் அம்பாசமுத்திரத்து மரச்சொப்புகளும் இந்தக் குடும்பத்தைச் சேர்ந்தவையே. ஆனால் ஒரு வேறுபாடு. அரக்கு நல்ல மரத்துக்கு மேலே ஏறும் ஆடை. இந்தப் புதிய பிசினோ மரம் இல்லாத இடத்தில் நிற்கும் ஊன்றுகோல். ஆடையைப் பற்றிக் கேட்காத கேள்வி ஒன்றை ஊன்றுகோலைப் பற்றிக் கேட்க வேண்டியிருக்கிறது: அதை வெளியில் காட்டுவதா, வேட்டிக்குள் மறைப்பதா?

காட்டு என்று சொன்னவர்களுள் ஜப்பானியர் முன்னால் நிற்கிறார்கள். டோக்கியோ தேசிய அருங்காட்சியகத்தில் சீனத்துப் பச்சைக் கிண்ணம் ஒன்று இருக்கிறது. 15-ஆம் நூற்றாண்டில் அதிகாரம் செலுத்திய அஷிகாகா யோஷிமாசாவிடம் இருந்தபோது அது விரிசல் கண்டதாம். அதேபோல் வேறொன்று வேண்டும் என்று அவர் அதைச் சீனத்துக்கு அனுப்பினாராம். அப்படிப்பட்டது இப்போது கிடையாது என்று சொல்லி, அங்கே விரிசலின் குறுக்கே உலோகத் தைப்புகள் போட்டுத் திருப்பி அனுப்பினார்கள் என்பது மரபு. அந்தத் தைப்பு வெட்டுக்கிளி உட்கார்ந்திருப்பதுபோல் தோன்றவே, வெட்டுக்கிளியை வைத்தே கிண்ணத்துக்குப் பெயர் ஏற்பட்டது. கிண்ணம் இன்று தன் காயத்தின் பெயரால்தான் அறியப்படுகிறது. உடைந்த பீங்கானை மரப்பாலால் ஒட்டி, ஒட்டிய கோட்டில் பொன்துகள் தூவும் கலையும் அந்த நாட்டில் வளர்ந்தது. அமெரிக்காவில் 1970-களில் மெல் லிண்ட்குவிஸ்ட், மார்க் லிண்ட்குவிஸ்ட் என்னும் தந்தையும் மகனும், பூஞ்சை பிடித்துக் கறுப்புக் கோடுகள் ஓடிய மரத்தை விரும்பி எடுத்துக் கடைந்தார்கள். பிறர் விறகு என்று கழித்தது அவர்களுக்குச் சித்திரமாயிற்று.

இவ்வளவும் கேட்டபின், 'ஆகவே குறையை மறைக்காதே, வெளியில் காட்டு. அதுவே அழகு' என்று முடித்துவிடலாம்போல் தோன்றும். பலர் அப்படித்தான் முடிக்கிறார்கள். எனக்கு அதில் உடன்பாடு இல்லை. மரத்துக்குச் சரியாக இருப்பது மனிதருக்கும் சரியாகிவிடாது.

நம் நாட்டில் நடந்த ஒன்றை எண்ணிப் பாருங்கள். 1955-ஆம் ஆண்டின் இந்துத் திருமணச் சட்டத்தில் 1976-இல் செய்த திருத்தம், அடிக்கடி வலிப்பு வருபவரைத் திருமணத்துக்குத் தகுதியற்றவர் வரிசையில் சேர்த்தது. 1999-இல்தான் வலிப்பு என்ற சொல்லை அந்த இடத்திலிருந்து நீக்கினார்கள். இடையில் 23 ஆண்டுகள். வலிப்பு, மருந்தால் பெரும்பாலோருக்குக் கட்டுப்படும் நோய். அந்த 23 ஆண்டுகளில் பெண்ணுக்கு வலிப்பு உண்டு என்பதை மறைத்துத் தாலி கட்ட வைத்த தந்தையை நாம் என்ன சொல்வோம்? பொய்யன் என்போம். ஆயிரம் பொய் சொல்லியும் ஒரு கல்யாணம் செய்யலாம் என்ற பழமொழியை அவர் துணைக்கு அழைத்தால் சிரிப்போம். அவர் சொன்னது பொய்தான். ஐயமில்லை. ஆனால் உண்மையைச் சொல்லியிருந்தால் அந்தப் பெண்ணுக்கு உலகம் காட்டியிருக்கும் இடம் எது? ஊர் தள்ளியது, சட்டமும் தள்ளியது. அடுப்பு எரிந்துகொண்டிருக்கும்வரை தச்சன் வெடிப்பில் மரத்தூளை அடைத்துக்கொண்டுதான் இருப்பான். தள்ளுதல் முதலில் வருகிறது. மறைத்தல் அதற்குப் பிறந்த பிள்ளை. பிள்ளையை மட்டும் கண்டித்துவிட்டுத் தாயை விட்டுவிடுவது நியாயம் ஆகாது.

அப்படியானால் மறைக்கலாமா? அதுவும் இல்லை. மறைத்த வெடிப்பு ஒரு நாள் பாரம் ஏறும்போது திறக்கும். அன்று நம்பி உட்கார்ந்தவன் விழுவான். அந்தக் கணவனும் ஒரு மனிதன். நள்ளிரவில் மனைவிக்கு வலிப்பு வரும்போது என்ன செய்வது என்று தெரியாமல் அவன் அலறுவான். மாமியாருக்குத் தெரியக் கூடாதென்று அவள் அஞ்சி மருந்தை விட்டதே அந்த வலிப்புக்குக் காரணமாகவும் இருக்கும். மறைத்ததனால் வந்த கேடு மறைத்தவரோடு நிற்பதில்லை. யாரைக் காக்க மறைத்தோமோ அவளையே முதலில் அடிக்கிறது.

இங்கே எனக்கு ஒரு வரையறை தோன்றுகிறது. ஒரு குறையை அறியும் உரிமை, அதன்மேல் சாயப்போகிறவருக்கு உண்டு. நாற்காலியில் உட்காரப்போகிறவனுக்கு அதன் கால் ஒட்டுப்போட்டது என்று தெரிய வேண்டும். அந்தத் தெருவில் போகிறவன் எல்லாம் அறிய வேண்டியதில்லை. மணக்கப்போகிறவனுக்குச் சொல்ல வேண்டியதைப் பந்தலில் ஒலிபெருக்கி வைத்துச் சொல்ல வேண்டியதில்லை. கிண்ணத்துக்கும் மனிதருக்கும் உள்ள வேறுபாடு இங்கேதான் இருக்கிறது. மாமரத்தின் வெடிப்பு மாமரத்தைக் கேட்டு நிறம் பெறவில்லை. கேட்க வேண்டிய தேவையும் இல்லை. ஒரு பெண்ணின் காயமோ அவளுடைய பொருள். அதை அடைத்து மூடும் உரிமையும் நமக்கு இல்லை. 'பாருங்கள், எவ்வளவு துணிச்சல்!' என்று நிறம் பூசி மேடையில் வைக்கும் உரிமையும் நமக்கு இல்லை.

காட்டுவதிலும் ஒரு பொய் உண்டு என்பதை இந்தக் கைத்தொழிலே சொல்லித் தருகிறது. வண்ணக் கிண்ணங்களுக்கு மதிப்பு ஏறியதும், நல்ல மரத்தைக் கோடரியால் பிளந்து பிசின் ஊற்றுகிறவர்களும் வந்துவிட்டார்கள். அழகாக இருக்கலாம். ஆனால் அதைக் காயத்தின் கதையாகச் சொல்லி விற்றால், அடிபடாதவன் தலையில் கட்டுப் போட்டுக்கொண்டு வந்ததுபோல் ஆகும். அதைவிட, இயன்றவரை மரத்தூள் அடைத்து 'ஒட்டுப்போட்டதுதான் ஐயா' என்று சொல்லி விற்கிற தச்சர் எனக்குப் பெரியவராகத் தோன்றுகிறார். அவர் கண்ணுக்கு மறைத்தார், கருத்துக்கு மறைக்கவில்லை.

என் நண்பரின் கிண்ணத்தில் நான் மதிப்பது நீல நிறத்தை அன்று. அந்த நிறம் டப்பாவில் கிடைக்கும். அவர் காத்திருந்த ஆண்டுகளை மதிக்கிறேன். துன்பப்பட்டவரிடம் ஆறுதல் சொல்ல நாம் எவ்வளவு விரைந்து ஓடுகிறோம்! சாவு வீட்டில் பதினாறாம் நாளே, 'போனது போகட்டும், இனி ஆகவேண்டியதைப் பார்' என்று ஊற்றிவிடுகிறோம். உள்ளே ஈரம் காய்ந்திருக்காது. அன்று ஒட்டியதுபோல் தெரியும், பிறகு விட்டுப்போகும். போனபின், 'எவ்வளவு சொல்லியும் அவள் தேறவில்லையே' என்று அவளையே குறை கூறுகிறோம்.

முதலில் அடுப்புக்கு எடுத்துப் போகாமல் இருக்க வேண்டும். அடுத்து, காயும்வரை இடம் கொடுத்து, மழை படாமல் ஒரு மூலையில் வைத்துக் காக்க வேண்டும். இவ்விரண்டும் கிடைத்தவர், யாரிடம் எவ்வளவு சொல்வது என்பதைத் தாமே முடிவு செய்துகொள்வார். சாய வருகிறவருக்குச் சொல்ல வேண்டியதையும் அஞ்சாமல் சொல்வார். நம் கையில் பிசினும் நிறமும் இல்லாவிட்டாலும் பரவாயில்லை. மூலையில் கொஞ்சம் இடம் இருந்தால் போதும்.