ஊசி பிடித்த ரசிகை

என் அம்மா வார இதழ்களில் வந்த தொடர்கதைகளைப் பக்கம் பக்கமாகப் பிரித்தெடுத்து, அடுக்கி, கோணி ஊசியால் தைத்து வைப்பார். முதல் பக்கத்தில் கதையின் பெயரையும் ஆசிரியர் பெயரையும் அழகாக எழுதுவார். அக்கம்பக்கத்தார் இரவல் வாங்கிப் போவார்கள். அவர் ஒரு கதையும் எழுதியதில்லை. அப்படியானால் அந்த உழைப்புக்கு என்ன பெயர்? இந்தக் கேள்வி எனக்குள் வெகுநாள் இருந்தது. பதிலைத் தேட உதவியவர் அமெரிக்காவில் வாழ்ந்த மிர்ட்டில் டக்ளஸ்.

1904-இல் பிறந்த அவரை அறிவியல் புனைகதை ரசிகர்கள் ‘மொரோஜோ’ என்று அழைத்தார்கள். உலகப் பொதுமொழியாக உருவாக்கப்பட்ட எஸ்பெராண்டோ மீது அவருக்கு அத்தனை பற்று; தன் பெயரின் முதலெழுத்துகளை அம்மொழியில் உச்சரித்தே இந்தப் பெயரை வைத்துக்கொண்டார். 1926-இல் தொடங்கிய ‘அமேசிங் ஸ்டோரீஸ்’ என்ற அறிவியல் புனைகதை இதழ், கடிதப் பகுதியில் வாசகர்களின் முகவரியையும் சேர்த்து அச்சிட்டது. தனித்தனியே படித்துக்கொண்டிருந்தவர்கள் ஒருவரையொருவர் கண்டுகொண்டார்கள். ஊருக்கு ஊர் சங்கங்கள் முளைத்தன. மொரோஜோ இருந்த லாஸ் ஏஞ்சலஸ் சங்கத்தில் பெரும்பாலும் இளைஞர்கள். அவர்களில் ஃபாரஸ்ட் ஆக்கர்மனுக்கு 1939 ஜூலையில் 22 வயது, பின்னாளில் புகழ்பெற்ற எழுத்தாளரான ரே பிராட்பரிக்கு 18. மொரோஜோவுக்கு 35.

இளைஞர்கள் எதிர்காலத்தைப் பற்றிப் பேசினார்கள். மொரோஜோவும் பேசினார், அத்தோடு வேலையையும் இழுத்துப் போட்டுக்கொண்டு செய்தார். நம் ஊர்க் கையெழுத்து இதழைப் போல அங்கே ரசிகர்களே நடத்தும் சிற்றிதழ்கள் இருந்தன. ஸ்டென்சில் தாளில் டைப் அடிக்க வேண்டும், மை உருட்டிப் பிரதி எடுக்க வேண்டும், அடுக்க வேண்டும், தபாலில் சேர்க்க வேண்டும். 1938 ஜனவரியில் பிராட்பரியின் முதல் கதை வெளிவந்த சங்க இதழிலும் மொரோஜோவின் உழைப்பு உண்டு. அடுத்த ஆண்டு அவரும் ஆக்கர்மனும் தொடங்கிய ‘வாய்ஸ் ஆஃப் தி இமேஜிநேஷன்’ இதழில் முழுக்க முழுக்க வாசகர் கடிதங்கள்தான். தன் குரலைவிட மற்றவர்களின் குரலுக்கே அவர் அதிகப் பக்கம் ஒதுக்கினார் என்றே இதை நான் புரிந்துகொள்கிறேன். 1947 வரை 50 இதழ்கள் வந்தன.

1939 ஜூலை 2. முதல் உலக அறிவியல் புனைகதை மாநாடு நியூயார்க்கில் கூடியது. வந்தவர்கள் ஏறத்தாழ 200 பேர். அத்தனை பேரும் அன்றாட உடையில் இருக்க, ஆக்கர்மனும் மொரோஜோவும் மட்டும் எதிர்கால மனிதர்களின் மேலங்கி அணிந்து நின்றார்கள். இரண்டு உடைகளையும் தைத்தவர் மொரோஜோ. இதழ் அட்டைகளில் ஃபிராங்க் பால் வரைந்த ஓவியங்களும், 1936-இல் வந்த ‘திங்ஸ் டு கம்’ திரைப்படமும் அவருக்கு மாதிரி. காகிதத்திலும் திரையிலும் மட்டுமே இருந்த எதிர்காலத்தை அளவெடுத்து, துணி வெட்டி, உடுத்திக்கொள்ளும்படி செய்துவிட்டார். அடுத்த ஆண்டு சிகாகோ மாநாட்டில் மாறுவேடப் போட்டியே நடந்தது. இன்று உலகெங்கும் இளைஞர்கள் ‘காஸ்ப்ளே’ என்று கொண்டாடும் மாறுவேடக் கலைக்கு அந்த இரண்டு உடைகளையே தொடக்கமாகச் சொல்கிறார்கள்.

ஆனால் அந்தக் கதையைச் சொல்லும்போது, வெகுகாலம் பலர் நினைவுக்கு வந்தது உடையை அணிந்த ஆக்கர்மன்தான். தைத்தவர் பின்னால் போய்விட்டார். 1964-இல், 60-வது வயதில், மொரோஜோ மறைந்தார். அவருடைய பங்கை எடுத்துச் சொல்ல, பிறகு வந்தவர்கள் பழைய சிற்றிதழ்களைப் புரட்ட வேண்டியிருந்தது.

எழுதுபவன் படைப்பாளி, படிப்பவன் வெறும் ரசிகன் என்று பிரித்தே பழகிவிட்டோம். அது தவறு. ஒரு கதை அச்சேறியதும் முடிந்துவிடுவதில்லை. அதைப் பிரதியெடுத்து, சுமந்து, அடுத்தவர் கையில் சேர்க்க ஆள் வேண்டும். அந்த வேலையை ஒருவர் ஆயுள் முழுக்கச் செய்தால், அது நிறைவான வாழ்க்கைதான். ‘நீ என்ன எழுதினாய்?’ என்று அவரைக் கேட்க யாருக்கும் உரிமை இல்லை.

ஆனால் அவர் பெயரை எழுதி வைக்கும் கடமை நமக்கு உண்டு. அம்மா தைத்த தொகுப்புகள் இன்னும் என்னிடம் இருக்கின்றன. கதையின் பெயருக்கும் ஆசிரியர் பெயருக்கும் கீழே, ‘தொகுத்துத் தைத்தவர்’ என்று எழுதி, அம்மாவின் பெயரைச் சேர்த்திருக்கிறேன். உங்கள் வீட்டிலும் அப்படியொருவர் இருப்பார். அவர் பெயரை இன்றே எழுதி வையுங்கள்.