வீணடித்தலும் கொல்லாமையும்: ஆரணிப் பட்டை முன்வைத்து

திருவண்ணாமலை மாவட்டத்தில் கமண்டல நாகநதியை ஒட்டி அமைந்த ஆரணி, அரிசி ஆலைகளாலும் பட்டுத் தறிகளாலும் அறியப்படும் ஊர். காஞ்சிபுரப் பட்டைவிட எடை குறைந்த, விலையும் சற்றே இறங்கிய புடவைகளுக்குப் பெயர் பெற்ற இவ்வூரின் பட்டு, ஒரு பொருளின் தரம் அது உருவாகும் இடத்தோடு பிரிக்க முடியாதது என்பதற்குச் சட்டம் தரும் சான்றான புவிசார் குறியீட்டையும் பெற்றிருக்கிறது. இதே வட்டாரம் தமிழ்ச் சமணத்தின் வாழிடமும் ஆகும். ஆரணியை அடுத்த பூண்டியில் பொன்னெழில்நாதர் கோயிலும், போளூருக்கு அருகே திருமலையும், வந்தவாசிக்கு அருகே சமண ஆசாரியர் குந்தகுந்தர் பெயரோடு இணைத்துப் பேசப்படும் பொன்னூர் மலையும் உள்ளன. அருக வழிபாட்டை விடாத வேளாண் குடும்பங்கள் சுற்றுச் சிற்றூர்களில் இன்றும் வாழ்கின்றன. உயிர்க்கொலையை முதல் விலக்காக வைத்த சமயமும், பொதுவாகப் புழுவைக் கொன்றே பெறப்படும் இழையை நம்பிய தொழிலும் அண்டை வீட்டாராக இருந்துவரும் நிலத்தில், பட்டு உடுத்துவது தகுமா என்ற கேள்வி எழுவது இயல்பே. ஆயினும் அந்தக் கேள்வி வழக்கமாக வாங்கும் நொடியோடு முடிந்துவிடுகிறது; வாங்கிய பின் அப்பொருள் என்ன ஆகிறது என்பதையும் அறத்தின் கணக்கில் சேர்த்துக்கொள்ளும் சிந்தனை ஒன்று சமண இல்லற நூல்களில் உண்டு, அதுவே இங்கு ஆராயத்தக்கது.

பட்டின் பிறப்பு சுருக்கமாகச் சொல்லிவிடக்கூடியது. மல்பெரி இலையை ஏறத்தாழ இருபத்தைந்து நாள் தின்று வளர்ந்த புழு, தன்னைச் சுற்றி ஒரே தொடரிழையால் கூடு கட்டி உள்ளே கூட்டுப்புழுவாக உறங்குகிறது. அது அந்துப்பூச்சியாகி வெளிவந்தால் கூடு துளைபட்டு இழையின் தொடர்ச்சி அறும் என்பதால், அதற்கு முன்பே ஆவியிலோ வெப்பக் காற்றிலோ அதைக் கொன்று, பின் கூட்டைக் கொதிநீரில் இளக்கி நூல் எடுக்கின்றனர். ஒரு கிலோ கச்சாப் பட்டுக்கு ஏறக்குறைய 5,500 கூடுகள் வேண்டும். அந்த நூலைச் சவுக்காரமும் சோடாவும் இட்டு வேகவைத்துப் பசை நீக்கும்போது எடையில் ஐந்தில் ஒரு பங்கோ நான்கில் ஒரு பங்கோ கரைந்துபோகிறது. அரைக் கிலோ அளவிலான ஒரு புடவைக்குப் பின்னால் சில ஆயிரம் உயிர்கள் நிற்கின்றன என்பது இதனால் மிகையற்ற கூற்று.

இதை முதலில் தீவிரமாக எடுத்துக்கொண்டவர்களுள் பௌத்தத் துறவியரைக் குறிப்பிட வேண்டும். பட்டு கலந்த விரிப்பைச் செய்வித்துக்கொள்வதை வினயம் எனப்படும் துறவு ஒழுக்க விதித்தொகுப்பு தடுக்கிறது. பட்டுக்கூடு வேகவைப்போரிடம் சென்று பிக்குகள் இழை கேட்டதால், பிக்குகளின் பொருட்டும் சிற்றுயிர்கள் மாள்கின்றன என்ற பழி எழுந்ததே அவ்விதியின் பின்னணியாகக் கூறப்படுகிறது. பிக்குகள் எதையும் கொல்லவில்லை, கேட்டார்கள், அவ்வளவே. அந்தக் கேட்டலே குற்றமாகக் கொள்ளப்பட்டது. தாமே செய்தல், பிறரைக் கொண்டு செய்வித்தல், செய்ததற்கு உடன்படுதல் ஆகிய மூன்று வழிகளிலும் வினை சேரும் என்று சமணமும் வகுத்திருப்பதால், கடையில் விலை கொடுப்பவர் தமக்கும் கொலைக்கும் தொடர்பில்லை என்று சொல்லித் தப்ப இரு மரபுகளும் இடம் தரவில்லை. அண்மைக் காலத்தில் காஞ்சி மடத்தின் சந்திரசேகரேந்திர சரஸ்வதி சுவாமிகளும் இதே காரணத்தால் பட்டைத் தவிர்க்குமாறு வற்புறுத்திவந்தார். திருமணம் என்றாலே பட்டு என்றிருந்த குடும்பங்களில் அந்த அறிவுரைக்குக் கிடைத்த மரியாதை பெரிது, கிடைத்த நடைமுறை சிறிது.

பூச்சி வெளியேறிய பின் எஞ்சும் கூட்டிலிருந்து நூற்கப்படும் அகிம்சைப் பட்டு இன்னொரு விடை. ஐதராபாத்தைச் சேர்ந்த குசுமா ராஜய்யா, கைத்தறித் துறையில் பணியாற்றியபோது இதை முன்னெடுத்து அறியச் செய்தார். எனினும் பல தலைமுறை வளர்ப்பினால் பறக்கும் ஆற்றலை இழந்த மல்பெரிப் பட்டுப்பூச்சி, உணவும் கொள்ளாமல் சில நாளில் மடிகிறது; அது இடும் நூற்றுக்கணக்கான முட்டைகள் எல்லாவற்றையும் பொரிக்கவிட்டு இலை போட்டு வளர்ப்பது எந்தப் பண்ணைக்கும் இயலாதது. கொதிநீரில் நேரும் மரணம் இங்கே பட்டினி மரணமாகவோ பொரியாத முட்டையாகவோ இடம் மாறக்கூடும். இம்முயற்சி பயனற்றது என்று இதனால் ஆகிவிடாது. ஆனால் தூய பொருள் ஒன்றை வாங்கிவிட்டால் மனச்சான்று முழுவதும் தூய்மை பெற்றுவிடும் என்ற எண்ணம், இன்று பசுமைப் பொருள் என்ற முத்திரையோடு விற்கப்படும் எல்லாவற்றுக்கும் பொதுவான மயக்கமாக இருப்பதை இங்கே தெளிவாகக் காணலாம்.

சமண இல்லற நூல்கள் வேறொரு திசையிலிருந்து தொடங்குகின்றன. சமந்தபத்திரரின் இரத்தினகரண்டக சிராவகாசாரமும், அதனோடு நெருங்கிய உறவுடையதாகக் கருதப்படும், குறள் வெண்பாக்களால் ஆன தமிழ் நூல் அருங்கலச்செப்பும் இல்லறத்தார்க்கு ஐந்து அணுவிரதங்களை, அதாவது துறவியின் பெருநோன்புகளின் சிற்றளவு வடிவங்களை, விதிக்கின்றன. கொல்லாமையில் தொடங்கும் அவ்வரிசையின் ஐந்தாவது, உடைமைக்குத் தானே ஒரு வரம்பு கட்டிக்கொள்வது. இவற்றுக்குத் துணையாக மூன்று குணவிரதங்கள் வருகின்றன. திக்குவிரதம், ஒருவர் எத்திசையில் எவ்வளவு தொலைவு வரை தம் செயலை நீட்டலாம் என எல்லை வகுப்பது. அநர்த்ததண்ட விரதம், பயன் எதுவும் இன்றிச் செய்யப்படும் தீங்கிலிருந்து விலகுவது. போகோபபோகப் பரிமாணம், நுகர்பொருளுக்கு அளவு வைப்பது. உணவும் பூவும் போல ஒருமுறை நுகர்ந்ததும் தீர்வது போகம், ஆடையும் அணியும் போல மீண்டும் மீண்டும் நுகரக்கூடியது உபபோகம்.

இவற்றுள் நடுவில் உள்ள அநர்த்ததண்டமே வீணடித்தலைப் பற்றிய கோட்பாடு எனலாம். தேவையின்றி மண்ணைத் தோண்டுதல், நீரை இறைத்தல், தீ மூட்டுதல், செடிகொடிகளை ஒடித்தல் ஆகியவற்றை அது பொறுப்பற்ற நடத்தை என்ற தலைப்பில் வைக்கிறது. மண்ணிலும் நீரிலும் உயிர் உண்டு என்று கொள்ளும் சமயத்துக்கு இது எதிர்பாராததன்று. எதிர்பாராதது அடுத்த படி. சமணரின் அடிப்படை நூலான தத்துவார்த்த சூத்திரம் இவ்விரதத்துக்கு நேரும் வழுக்களைப் பட்டியலிடும்போது, வேண்டிய அளவுக்கு மேல் நுகர்பொருளைச் சேர்த்து வைத்தலையும் அவற்றுள் ஒன்றாக எண்ணுகிறது. மிகை உடைமை ஆசையின் குற்றமாக ஐந்தாம் விரதத்தில் ஏற்கெனவே இடம்பெற்றிருக்க, இங்கே அது தீங்கின் குற்றமாக இரண்டாம் முறை எண்ணப்படுகிறது. பயன் கருதிச் செய்த தீங்குக்கு இல்லறத்தான் ஓரளவு விலக்குப் பெறுகிறான். அந்தப் பயன் நிறைவேறாமல் போனால் விலக்குக்கு இருந்த ஆதாரமும் போய்விடுகிறது. உடுத்துவதற்காகப் புழுவைக் கொன்றது ஒன்று, உடுத்தப்படாத புடவைக்காகக் கொன்றது மற்றொன்று.

இந்த அளவுகோலோடு ஆரணியின் தறிக்கூடத்தைப் பார்த்தால் அங்கே வீண் என்பது மிகக் குறைவு. முதலாளியோ கூட்டுறவுச் சங்கமோ நெசவாளரிடம் நூலையும் சரிகையையும் எடை போட்டுக் கொடுத்து, புடவையை எடை போட்டே திரும்பப் பெறும் வழக்கம் இருப்பதால், தரையில் விழும் துண்டு இழைக்கும் கணக்கு உண்டு. ஒரு பாவு, அதாவது நீளவாட்டு நூல்தொகுதி, நெய்து முடிந்ததும் அதன் கடைசி முழத்தை அறுத்து எறிந்துவிடுவதில்லை. விழுதுக் கண்களிலும் அச்சுப் பற்களிலும் கோத்தபடியே அதை நிறுத்திவைத்து, புதுப் பாவின் ஆயிரக்கணக்கான இழைகளை ஒவ்வொன்றாக அதன் நுனிகளோடு விரலால் திரித்துப் பிணைக்கின்றனர். பழைய இழை புதியதைத் தன் பின்னால் இழுத்துக்கொண்டு விழுதையும் அச்சையும் கடந்து வருகிறது, மீண்டும் முதலிலிருந்து கோக்கும் உழைப்பு மிச்சமாகிறது. பாவு பிணைப்பதையே பிழைப்பாகக் கொண்டவர்கள் நெசவூர்களில் உண்டு. நூற்கும் இடத்திலும் இவ்வாறே: தொடரிழையாக வராத கழிவுக்கூடு வேறு வகை நூலாக நூற்கப்படுகிறது, கூட்டுப்புழு எண்ணெய்க்கும் கோழித் தீவனத்துக்கும் போகிறது.

கணக்கு அறுவது வாங்கியவர் வீட்டுப் பீரோவில். திருமணத்துக்கும் வளைகாப்புக்கும் கிரகப்பிரவேசத்துக்கும் எடுத்த புடவைகள் ஆண்டுக்கு ஒருமுறையோ இருமுறையோ வெளிவந்து, எஞ்சிய நாளெல்லாம் மடிப்பிலேயே கிடக்கின்றன. ஒரே மடிப்பில் நெடுநாள் கிடந்தால் சரிகை முறிந்து, அந்தக் கோட்டிலேயே பட்டு கிழிகிறது. உடுத்திக் கிழிவதைவிட உடுத்தாமல் கிழியும் பட்டு நம் வீடுகளில் அதிகம் என்று சொல்லத் தோன்றுகிறது. முந்தைய தலைமுறைப் பெண்கள் கைக்கொண்ட முறைகள் இவ்விடத்தில் வெறும் சிக்கனமாக இல்லாமல் விரதத்தின் செயல்வடிவமாகவே நிற்கின்றன: உடுத்தியதும் நிழலில் காற்றாட விடுதல், சில மாதங்களுக்கு ஒருமுறை மடிப்பை மாற்றுதல், நைந்த பருத்தி வேட்டியில் சுற்றி வைத்தல், கறை பட்ட இடத்தை மட்டும் பூந்திக்கொட்டை நீரில் அலசுதல், ஓட்டை விழுந்தால் ரஃபு வேலை செய்பவரிடம் கொடுத்து இழையோட்டுதல், உடல் நைந்து கரை நன்றாயிருந்தால் கரையை வேறு துணியில் ஏற்றுதல், முந்தானையைப் பெண்குழந்தைக்குப் பாவாடையாக்குதல். ஒரு புடவை நாற்பது ஆண்டு உடுத்தப்பட்டால் அதன் பொருட்டு மாண்ட உயிர்களின் எண்ணிக்கை குறைவதில்லை. அதற்குப் பதிலாக வாங்கப்பட்டிருக்கக்கூடிய வேறு புடவைகளின் கணக்கே குறைகிறது.

மறுபயன்பாட்டின் மிக விரிந்த வடிவம் வினயத்தில் உதேனன் என்னும் கோசாம்பி மன்னனுக்குப் புத்தரின் சீடர் ஆனந்தர் தரும் விளக்கத்தில் கிடைக்கிறது. பழைய ஆடை விரிப்பாகி, விரிப்பு மெத்தையுறையாகி, உறை தரைவிரிப்பாகி, கால்துடைப்பாகி, தூசுத்துணியாகி, முடிவில் சேற்றோடு குழைத்துத் தரை மெழுகப்படுகிறது. அதே விதித்தொகுப்பு, ஒரு விரிப்பை ஆறு ஆண்டுகளேனும் வைத்திருக்க வேண்டும் என்றும், புதிய இருக்கை விரிப்பு செய்யும்போது பழையதிலிருந்து ஒரு சாண் துண்டை அதில் சேர்க்க வேண்டும் என்றும் சொல்கிறது. சேர்ப்பதற்குச் சொல்லப்படும் காரணம் சிக்கனமன்று, புதியதன் அழகைக் கெடுப்பது. புதுமையின் மீதுள்ள மயக்கமே வீணடித்தலின் வேர் என்று கண்டுகொண்டவர்களின் விதி இது. இன்றைய மறுபயன்பாட்டுக் கடைகள் பழையதை எப்படியாவது அழகாக்கிக் காட்டப் படும் பாட்டோடு இதை ஒப்பிட்டால் இரண்டின் நோக்கமும் எவ்வளவு தொலைவில் நிற்கின்றன என்பது தெரியும்.

தமிழ்ச் சமூகத்தில் பழந்துணி கைமாறிய முறையை மட்டும் இந்தக் கருத்துகளோடு எளிதாகச் சேர்த்துவிட முடியாது. தாயின் கூறைப்புடவையை மகள் உடுத்துவது பெருமையாகக் கொள்ளப்பட்டது. குடும்பத்துக்கு வெளியே போன துணியோ பெரும்பாலும் மேலிருந்து கீழே மட்டுமே போனது. பண்ணையாளுக்கும் வீட்டு வேலை செய்பவருக்கும் சலவைத் தொழிலாளிக்கும் கொடுக்கப்பட்ட பழந்துணி, கூலியின் ஒரு பகுதியாகவும் தாழ்வின் அடையாளமாகவும் ஒருசேர இருந்தது. அயலார் உடுத்தியதை வாங்கி உடுத்தப் பலர் இன்றும் கூசுவதற்குத் தூய்மை பற்றிய எண்ணத்தோடு இந்த நினைவும் ஒரு காரணம். முன்னோர் எதையும் வீணாக்கவில்லை என்று புகழ்பவர்கள் அந்தப் பழந்துணியை யார் உடுத்தினார்கள் என்று கேட்பதில்லை. பிக்குகளின் விதியில் பழைய துண்டைத் தம் புது விரிப்பில் தாமே தைத்துக்கொள்ள வேண்டியிருந்தது என்ற வேறுபாடு சிறியதன்று.

வாங்குவதைக் குறைக்கச் சொல்லும் எந்த அறமும் ஆரணியில் ஒரு கடும் மறுப்பை எதிர்கொள்ள வேண்டும்: புடவை விற்காவிட்டால் தறி நிற்கும், தறி நின்றால் அடுப்பு எரியாது. புழுவுக்கு இரங்கி மனிதரைப் பட்டினி போடுவது அறமாகாது என்ற இம்மறுப்பு நியாயமானது, ஆனால் முழுமையானதன்று. அளவு கட்டிக்கொள்வது செலவைக் குறைத்தே தீரும் என்பதில்லை. விசைத்தறியில் செயற்கை இழை கலந்து நெய்து பட்டு என்ற பெயரில் விற்கப்படும் புடவைகள் நான்கை வாங்குபவர், அதே பணத்தில் கைத்தறிப் பட்டு ஒன்றை எடுத்தால் நெசவாளர் கைக்குப் போகும் பங்கு கூடுகிறதே அன்றிக் குறைவதில்லை. தஞ்சாவூரில் பிறந்த காந்தியப் பொருளியலாளர் ஜே.சி.குமரப்பா 1945இல் நிலைத்த பொருளாதாரம் பற்றி எழுதியபோது, தான் பயன் பெறும் மூலத்தையே அழிக்கும் வாழ்முறையைப் பொருளாதாரங்களுள் கீழ்நிலையில் வைத்தார். மலிவு விலையால் கைவினைஞரை அத்தொழிலிலிருந்தே விரட்டும் சந்தையும் அவ்வகையினது. பழுது நீக்குதல், இழையோட்டுதல், கரை மாற்றுதல் ஆகியவற்றுக்கு உரிய கூலி கொடுக்கும் பழக்கம் வந்தால், தறி தெரிந்த கைகளுக்குப் புதிய புடவை நெய்வதற்கு வெளியேயும் வேலை இருக்கும். திக்குவிரதத்தின் பொருளும் இங்கே விளங்கும்: ராமநகரத்திலிருந்தோ தருமபுரியிலிருந்தோ வரும் நூலின் வரலாற்றை விசாரித்து அறியலாம், சீனத்திலிருந்து வரும் நூலைப் பற்றி வாங்குபவரால் எதையும் விசாரிக்க முடியாது.

இந்த விரதங்கள் அளவை வெளியிலிருந்து விதிப்பதில்லை. எத்தனை புடவை போதும் என்று அருங்கலச்செப்பு சொல்வதில்லை; அவரவரே ஓர் எண்ணை முன்கூட்டிக் குறித்துக்கொள்ள வேண்டும். ஒரு குறிப்பிட்ட காலத்துக்கு மட்டும் எடுத்துக்கொள்வது நியமம் என்றும், வாழ்நாள் முழுமைக்கும் கொள்வது யமம் என்றும் இரு வகைகளை இரத்தினகரண்டகம் வகுப்பதால், ஓராண்டுக்குப் புதுத்துணி இல்லை என்று ஒரு குடும்பம் முடிவெடுப்பதும் அந்நெறிக்கு உட்பட்ட நோன்பாகவே அமையும். கடைக்குள் நுழைந்த பிறகு தேவையை அளக்க முற்படுவதோடு ஒப்பிட்டால் இதில் உளவியல் நுட்பம் அதிகம்.

புடவையின் இறுதி நிலை இந்தக் கோட்பாட்டுக்கு இன்னும் விடை கிடைக்காத பகுதி. பழைய பட்டுப்புடவை வாங்குவோர் தெருவில் குரல் கொடுத்து வரும்போது, அவர்கள் மதிப்பிடுவது சரிகையை. அசல் சரிகை என்பது பட்டு நூலின் மேல் வெள்ளித் தகடு சுற்றி மெல்லிய பொன்முலாம் இட்டது. அதில் தங்கம் நூற்றில் ஒரு பங்குக்கும் குறைவு, வெள்ளிக்கே விலை. புடவையை எரித்து, சாம்பலிலிருந்து வெள்ளியைப் பிரித்து உருக்குகின்றனர். கனிமம் மீண்டும் சந்தைக்கு வந்துவிடுகிறது, சில ஆயிரம் உயிர்களின் விலையில் கிடைத்த இழை மட்டும் எரிபொருளாகிறது. சரிகையை உரித்தெடுத்த பின் பட்டைத் தனியே பிரித்து மீண்டும் நூற்கவோ, துண்டுகளாக இணைத்துத் தைக்கவோ தொழில்நுட்பத் தடை எதுவும் இல்லை. எரிப்பதைவிடக் கூலி கூடுதலாகும் என்பது ஒன்றே தடை, அந்தக் கூலியைத் தர இன்னும் ஆள் இல்லை.