பெரிய வண்டி வாங்குவது பாவமா?



சென்ற தபசுகாலத்தில் ஒரு வெள்ளிக்கிழமை மாலை, சிலுவைப்பாதை முடிந்து நான் உடை மாற்றிக்கொண்டிருக்கையில், நம் பங்கைச் சேர்ந்த ஒருவர் வந்து நின்றார். "சாமி, புது வண்டி எடுத்திருக்கிறேன். மந்திரித்துக் கொடுக்கவேண்டும்" என்றார். தீர்த்தம் எடுத்துக்கொண்டு வெளியே போனேன். வண்டியைக் கோவில் வாசலில் காணோம். "தெருவுக்குள் திரும்பவில்லை சாமி, முனையில் நிறுத்தியிருக்கிறேன்" என்று சிரித்தார்.

போய்ப் பார்த்தேன். முன்பக்கம் ஐந்து பேர் உட்காரலாம்; பின்பக்கம் திறந்த தொட்டி. பிக்கப் என்கிறார்கள். நீளம் ஏறக்குறைய பதினேழரை அடி, அகலம் ஆறடி. அவர் கட்டட வேலை எடுத்துச் செய்பவராதலால், சிமெண்ட் ஏற்றச் சௌகரியமாக இருக்குமே என்றேன். அவர் பதறிப்போனார். "சிமெண்டா? பெயிண்ட் போய்விடும் சாமி! அதற்கெல்லாம் குட்டி யானை இருக்கிறது" என்றார்.

மந்திரித்தேன். மறுவாரம் அதே வண்டியில் ஏறி வில்லியனூர் வரை போய்வந்தேன். உயரத்தில் உட்கார்ந்து, சைக்கிள்காரரையும் ஆட்டோக்காரரையும் கீழே பார்த்துக்கொண்டு போவது ஒரு சுகம்தான். அதை நான் மறைக்கப்போவதில்லை.

அதற்கு அடுத்த வாரம் பங்குப் பேரவைக் கூட்டம். அவரும் வந்திருந்தார். வண்டியை வழக்கம்போல் சந்து முனையில் நிறுத்தியிருந்தார். கூட்டம் நடந்துகொண்டிருக்கையில் அந்தச் சந்தில் குடியிருக்கும் வயதான அம்மாள் ஒருவருக்கு மூச்சுத் திணறல் கண்டது. 108 ஆம்புலன்ஸ் வந்தது. சந்துக்குள் நுழைய முடியவில்லை. வண்டிக்காரர் யார், சாவி எங்கே என்று தேடி ஓடியதில் ஏழெட்டு நிமிஷம் போயிற்று. கடைசியில் வாலிபர்கள் நால்வர் அந்த அம்மாளை நாற்காலியோடு தூக்கிக்கொண்டு முனைவரை நடந்தார்கள். நான் அவஸ்தைப்பூசுதலுக்கான எண்ணெயை எடுத்துக்கொண்டு கூடவே ஓடினேன். சர்வேசுரன் கிருபையால் அந்த அம்மாள் பிழைத்துக்கொண்டார். ஆனால் அந்த ஏழெட்டு நிமிஷத்தில் அவர் மகள் என்னைப் பார்த்த பார்வை இன்னும் என் மனதை விட்டுப் போகவில்லை. கூட்டத்துக்கு அழைத்தவன் நான். வண்டிகள் எங்கே நிற்கும் என்று ஒரு வார்த்தை யோசியாதவனும் நானே.

மறுநாள் அவர் வந்தார். "சாமி, வண்டியை விற்றுவிடட்டுமா? பெரிய வண்டி வைத்திருப்பது பாவமா?" என்று கேட்டார். சட்டென்று பதில் சொல்ல எனக்கு வாய் வரவில்லை. யோசித்ததை அவர் சம்மதத்தோடு உங்கள் எல்லோருக்குமாக எழுதுகிறேன்.

முதலில் ஒன்று. இரும்பும் ரப்பருமான ஒரு பொருள் பாவமாகாது. அதன் நீளத்தை அளந்து பாவசங்கீர்த்தனம் செய்ய வேண்டியதில்லை. 1274-ல் மரித்த அர்ச். அக்வினா தோமையார் தர்மம் கொடுப்பதைப்பற்றிப் பேசுமிடத்தில், "அவசியம்" என்ற சொல்லை இரண்டாகப் பிரிக்கிறார். எது இல்லாவிட்டால் மனிதன் உயிர்வாழவே முடியாதோ அது ஒரு அவசியம். எது இல்லாவிட்டால் தன் நிலைக்கும் தொழிலுக்கும் ஏற்றபடி கௌரவமாய் வாழ முடியாதோ அது இரண்டாவது அவசியம். இந்த இரண்டாவதை ஒரு புள்ளியைப்போல் குறித்துக்காட்ட முடியாது. கொஞ்சம் கூடலாம், கொஞ்சம் குறையலாம் என்று அவரே ஒத்துக்கொள்கிறார். ஆகையால், "உனக்கு எதற்கு இவ்வளவு பெரிய வண்டி?" என்று அடுத்த வீட்டைப் பார்த்துத் தீர்ப்புச் சொல்ல நமக்கு அதிகாரமில்லை. பொறாமைக்கு நியாயத்தின் சட்டையை மாட்டிவிடுவது சுலபம்.

ஆனாலும் அந்தப் பெரியவர் புள்ளியை அழித்தாரே தவிர, எல்லையை அழிக்கவில்லை. கூட்டினாலும் இன்னும் அவசியமென்று சொல்லத்தக்க இடம் ஒன்றிருந்தால், கூட்டினால் அவசியமென்று சொல்லவே முடியாத இடமும் ஒன்று இருக்கத்தானே வேண்டும்?

அவசியம் எப்படி இருக்கும் என்று பார்க்க வேண்டுமானால் குட்டி யானையைப் பாருங்கள். 2005-ல் டாட்டா கம்பெனியார் ஏஸ் என்ற பெயரில் வெளியிட்ட சிறு லாரி அது. நம் ஜனங்கள் வைத்த பெயர்தான் நிலைத்தது. முதலில் வந்த வண்டியின் நீளம் 3.8 மீட்டர், அகலம் ஒன்றரை மீட்டர், இரண்டே சிலிண்டர், 16 குதிரைச் சக்தி. சுமப்பதோ முக்கால் டன். ஞாயிற்றுக்கிழமை காந்தி வீதிச் சந்தைக்குத் துணிமூட்டை கொண்டுவருவதும், பெரிய மார்க்கெட்டுக்குக் காய்கறி கொண்டுவருவதும், வாடகை வீடு மாறும் குடும்பத்தின் கட்டிலையும் பீரோவையும் சுமப்பதும் இப்படிப்பட்ட வண்டிகளே. எந்தச் சந்திலும் நுழையும். எவரும் அதை அந்தஸ்துக்காக வாங்குவதில்லை. மந்திரிக்கக் கொண்டுவரும்போதே அதில் பாதிச் சுமை இருக்கும்.

பெரிய பிக்கப் வண்டி இதற்கு அண்ணனைப்போலத் தோன்றுகிறது, குணம் வேறு. அது பெருகியது அமெரிக்காவில். அங்கே ஃபோர்டு கம்பெனியின் எஃப் வரிசை 1977 முதல் மற்றெல்லா டிரக்குகளையும்விட அதிகமாய் விற்றுவருகிறது. பெரிய பண்ணைகளும் நீண்ட சாலைகளும் உள்ள தேசத்தில் அதற்குக் காரணம் உண்டு. அங்கேயும் காலப்போக்கில் வைக்கோலும் மரமும் இறங்கிப்போய், அலுவலகத்துக்குப் போகிற ஒற்றை மனிதர் ஏறிக்கொண்டார். இப்போது அது நம் ஊர் வீதிகளுக்கும் வந்திருக்கிறது. பிக்கப் என்று மட்டுமல்ல, உயர்ந்த பெரிய கார்கள் எல்லாவற்றையும் சேர்த்தே சொல்கிறேன். 1983 டிசம்பரில் மாருதி 800 வந்தபோது அதன் நீளம் பதினொரு அடிக்குள். தகப்பன், தாய், பிள்ளைகள், மடியில் பாட்டிக்கு வாங்கிய பலகாரம் எல்லாம் அதற்குள் அடங்கின. குடும்பங்கள் சிறுத்துவிட்டன, வண்டிகள் நீண்டுவிட்டன.

நம் வீதிகள் மட்டும் நீளவுமில்லை, அகலவுமில்லை. பழைய நகரத்தைச் சுற்றிப் புல்வார். உள்ளே நேர்நேராய் வெட்டிய வீதிகள். அவற்றின் திட்டம் பதினேழாம் நூற்றாண்டின் கடைசியில் ஒல்லாந்தர் காலத்திலேயே போடப்பட்டது. காலாலும் மாட்டுவண்டியாலும் போகிறவர்களுக்காக வந்த வீதிகள் அவை. பின்னால் புஷ்புஷ் வண்டி வந்தது. துரையை உட்காரவைத்து மனிதன் பின்னாலிருந்து தள்ளிப்போவான். அது ஒழிந்தது நல்லதே. ஆயினும் அதில் ஒரு நேர்மை இருந்தது: உட்கார்ந்தவரின் பாரம் யார் தோளில் இறங்குகிறது என்பது அவர் காதுக்கே கேட்கும்.

கால்வாய்க்கு மேற்கே தமிழர் பகுதியில், வைசியாள் வீதி போன்ற இடங்களில், பழைய வீடுகளைக் கவனித்திருக்கிறீர்களா? வாசலுக்கு இருபுறமும் திண்ணை. அதற்கு முன்னால் மரத்தூண் தாங்கிய தாழ்வாரம். கட்டியவர் பணம் கொடுத்துக் கட்டினார், உட்கார்ந்தவரோ வழிப்போக்கர். மழைக்கு ஒதுங்கியவரை "யாரப்பா நீ?" என்று கேட்டிருக்கலாம், ஆனால் எழுந்து போகச் சொன்னதில்லை. வீட்டின் ஒரு பங்கை வீதிக்குக் கொடுத்தார்கள். இன்றைக்கு நாம் செய்வது நேர் எதிர். திண்ணையை இடித்து அறையாக்கிக்கொள்கிறோம். வண்டிக்கு வீட்டில் இடமில்லை, ஆகவே வீதியின் ஒரு பங்கை எடுத்துக்கொள்கிறோம். ஏழு ஸ்கூட்டர்கள் நிற்கும் இடத்தில் ஒருவருடைய வண்டி இரவும் பகலும் நிற்கிறது. யாரும் வாடகை கேட்பதில்லை. அதனால் அது நம்முடையதென்றே நினைக்கத் தொடங்கிவிடுகிறோம். வேறொருவர் அங்கே நிறுத்திவிட்டால் கோபம்கூட வருகிறது!

திருநாளன்று நம் தேர் வீதி முழுவதையும் அடைத்துக்கொண்டு வருகிறதே, அது மட்டும் என்ன என்று ஒரு குறும்புக்காரச் சிறுவன் கேட்கலாம். கேட்கட்டும். மின்கம்பியை மூங்கிலால் தூக்கிப்பிடிக்கிறவன் முதல் மாடியிலிருந்து பூத்தூவும் அந்நிய மதத்து அம்மாள் வரை அது எல்லோருடைய தேர். அதுவும் ஒரே இரவு.

என்னிடம் வந்தவர் சொன்ன சமாதானங்கள் இரண்டு. இரண்டிலும் நியாயம் இருக்கிறது.

முதலாவது மழை. 2024 நவம்பர் 30-ந் தேதி ஃபெஞ்சல் புயல் கரைகடந்தபோது ஒரே நாளில் 46 சென்டிமீட்டருக்குக் குறையாத மழை நம் ஊரில் கொட்டியது. கிருஷ்ணா நகரில் ராணுவத்தார் வந்து ஜனங்களை மீட்டார்கள். அப்படிப்பட்ட நாளில் உயரமான வண்டி எவ்வளவு உதவும்! வாஸ்தவம். பாலும் ரொட்டியும் கொண்டுபோக அந்த வண்டி வருமானால் நானே தொட்டியில் ஏறி நிற்பேன். ஆனால் அப்படிப்பட்ட நாள் எத்தனை வருஷத்துக்கு ஒருமுறை வருகிறது? மற்ற நாளெல்லாம் அது வீதியில் நிற்கிறதே.

இரண்டாவது சமாதானம்தான் என்னை வெகுநேரம் யோசிக்க வைத்தது. "சாமி, கிழக்குக் கடற்கரைச் சாலையில் பஸ்காரன் வருகிற வேகத்தைப் பார்த்திருக்கிறீர்கள். என் பிள்ளைகள் உள்ளே இருக்கிறார்கள். பெரிய வண்டி என்றால் பத்திரம்." ஒரு தகப்பன் இதைச் சொல்லும்போது ஆடம்பரம் என்று தள்ளிவிட முடியாது. இது அன்பு. ஆனால் இந்த அன்பு யாரிடமிருந்து கடன் வாங்குகிறது என்று பார்க்கவேண்டும். அமெரிக்காவில் நெடுஞ்சாலைப் பாதுகாப்பை ஆராயும் காப்பீட்டு ஸ்தாபனம் ஒன்று 2023-ல் வெளியிட்ட ஆய்வின்படி, முகப்பு நாற்பது அங்குலத்துக்குமேல் உயர்ந்த வண்டி நடந்துபோகிறவர்மேல் மோதினால், முப்பது அங்குலத்துக்குள் சரிந்த முகப்புள்ள வண்டியைவிட மரணம் நேரும் வாய்ப்பு ஏறக்குறைய 45 சதவீதம் அதிகம். நாற்பது அங்குலம் என்பது நாலு வயதுப் பிள்ளையின் உயரம். ஓட்டுகிறவர் கண்ணுக்கு அந்தப் பிள்ளை மறைந்துபோகிறது. மோதினாலோ அடி காலில் அல்ல, நெஞ்சிலும் தலையிலும். ஆகவே நாம் ஆபத்தைக் குறைக்கவில்லை. நம் பிள்ளையின் பக்கமிருந்து எடுத்து, நடந்து போகிற பிள்ளையின் பக்கம் வைத்துவிடுகிறோம். எதிர்வீட்டுக்காரரும் அதே பயத்தால் இன்னும் பெரிய வண்டி வாங்குவார். கடைசியில் வண்டியே வாங்க வழியில்லாதவர் மட்டும் பழைய உயரத்தில் நடந்துகொண்டிருப்பார்.

ஞானோபதேச வகுப்புக்கு வரும் பிள்ளைகளில் நடந்து வருபவர்களை எண்ணிப் பார்த்தேன். பாதிக்கு மேல்.

இன்னொரு காரியமும் இங்கே சொல்லாமல் இருக்க முடியாது. அது நம் ஊர்ப் பெயரைத் தொட்டது. 2017-ல் கேரளத்தில் ஒரு விவகாரம் கிளம்பியது. அங்கே அப்போது இருபது லட்சத்துக்கு மேற்பட்ட காருக்கு விலையில் ஐந்தில் ஒரு பங்கு வரியாக இருந்தது. இங்கே வரி வெகு சொற்பமாக இருந்தது. ஆகையால் வசதிபடைத்த சிலர் புதுச்சேரியில் குடியிருப்பதாக விலாசம் காட்டிப் பெரிய கார்களைப் பதிவு செய்தார்கள் என்று வழக்குகள் வந்தன. எந்த வழக்கு எப்படி முடிந்ததென்று நான் பேசவரவில்லை. சாலையில் அதிக இடம் வேண்டும், சாலைக்குக் கொடுக்கவேண்டியதைக் குறைத்துக் கொடுக்கவேண்டும் என்ற ஆசையைத்தான் சொல்கிறேன். அது கேரளத்தாருக்கு மட்டும் உரியதல்ல.

பாரீஸ் மாநகரத்தார் இதற்கு வேறு வழி கண்டார்கள். 2024 பெப்ருவரி 4-ந் தேதி ஓட்டெடுத்து, வெளியூரிலிருந்து வரும் கனத்த கார்களுக்கு நிறுத்தக் கட்டணத்தை மும்மடங்காக்கினார்கள். நகரின் நடுவில் மணிக்கு 18 யூரோ. ஆனால் ஓட்டுப் போட வந்தவர்கள் நூற்றுக்கு ஆறு பேர்கூட இல்லை. நம் ஊரிலோ கடற்கரைச் சாலையை மாலை ஆறு மணிக்கு வண்டிகளுக்கு அடைத்துவிடுகிறார்கள். அந்நேரம் அங்கே போய்ப் பாருங்கள்: கைக்குழந்தை முதல் கைத்தடிக் கிழவர் வரை, யார் பணக்காரர், யார் ஏழை என்று கண்டுபிடிக்கவே முடியாது.

குருக்களாகிய நாங்களும் இதற்கு விலக்கல்ல. காலஞ்சென்ற பிரான்சிஸ் பாப்பரசர் 2013-ல் குருமாணவர்களிடம் பேசுகையில், புத்தம்புது மாடல் காரில் குருக்களைக் காண்பது தமக்கு வேதனை தருகிறதென்றார். அதற்கு முன்பே, 1964 டிசம்பரில் நற்கருணை மாநாட்டுக்காகப் பம்பாய் வந்த ஆறாம் சின்னப்பர், தமக்குக் காணிக்கையாய் வந்திருந்த பெரிய லிங்கன் காரை அன்னை தெரேசாளிடம் கொடுத்துவிட்டுப் போனார். அன்னையோ அதில் ஒருநாளும் ஏறவில்லை. குலுக்கல் சீட்டுப் போட்டு, வந்த பணத்தைக் குஷ்டரோகிகளின் ஊருக்குச் செலவிட்டார். அவ்வளவு பெரிய கார் அதைவிட அதிகமாய் வேறு எதையும் சுமந்திருக்க முடியாது.

நம்மவர் தம் வண்டியை விற்கவில்லை. கடன் பாக்கி இருக்கிறது. இப்போது விற்றால் நஷ்டம் என்கிறார். நானும் விற்கச் சொல்லவில்லை. ஆனால் ஊருக்கு வெளியே தம் சாமான் கிடங்கில் அதை நிறுத்திவிட்டு, பங்குக் கூட்டங்களுக்கு மனைவியின் ஸ்கூட்டரில் வருகிறார். முட்டி வலிக்கிறதென்று ஒவ்வொரு ஞாயிறும் என்னிடம் புலம்புகிறார். சென்ற மாதம் அந்த அம்மாளை ஜிப்மருக்குப் பரிசோதனைக்குக் கூட்டிப்போக வண்டி வேண்டியிருந்தது. அவரே பிக்கப்பைக் கொண்டுவந்தார். முனையில் நிறுத்தி, இறங்கி, உள்ளே நடந்து வந்தார். படி மிக உயரமாக இருந்தபடியால் அந்த அம்மாளால் ஏற முடியவில்லை. ஆட்டோ பிடித்துத்தான் அனுப்பினோம்.